அஞ்சற்பெட்டியும் பதிவறையும்

சங்கமொன்றிற்கு ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் முதலில் ரொக்க இருப்பை எண்ணிப் பார்க்கிறார். பின்னர் ரொக்கப் புத்தகம், நடவடிக்கைப் புத்தகம், சரக்கிருப்புப் பதிவேடு, உறுப்பினர் பேரேடு என ஒவ்வொன்றாக மேசைக்கு வருகின்றன. தபால் வரவுப் பதிவேட்டையும் புரட்டிப் பார்ப்பதுண்டு. அப்பதிவேட்டில் இன்று என்ன இருக்கிறது? இரண்டொரு பதிவுத் தபால், எங்கிருந்தோ ஓர் அழைப்பிதழ், அவ்வளவே. மேலதிகாரிகளின் சுற்றறிக்கை, வங்கியின் அறிவிப்பு, நூற்பாலையின் விலைப்பட்டியல், சரக்கனுப்பச் சொல்லும் உத்தரவு ஆகிய யாவும் மின்னஞ்சலில் வந்து சேர்கின்றன. ஆயினும் அந்த அஞ்சற்பெட்டியைத் திறந்து காட்டுமாறு ஆய்வாளர்கள் கேட்பது அரிது. நானும் பல ஆண்டுகள் கேட்டதில்லை. கேட்ட ஒரு முறையும் தவறாகவே கேட்டேன் என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. எந்தக் கடிதத்தை எத்தனை ஆண்டு வைத்திருப்பது, எதை எப்போது அழிப்பது என்பதைச் சங்கத்தின் நிர்வாகக் குழு தீர்மானம் செய்ய வேண்டும். குழு இல்லாத இடத்தில் செயலாட்சியர் உத்தரவிட வேண்டும். பெட்டியில் எஞ்சியுள்ள இடத்தின் அளவு அதனை முடிவு செய்யும்படி விட்டுவிடலாகாது. நான் காணும் சங்கங்களில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். இடம் இருக்கும் வரை எல்லாம் கிடக்கும்; இடம் நிரம்பினால் கைக்கு அகப்பட்டது போகும்.

நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். சங்கத்தின் பெயர் வேண்டா. அது மஞ்சள் விளைவிப்போரின் சரக்கை வாங்கிக் கிடங்கில் வைத்து விற்றுக் கொடுக்கும் ஒரு விற்பனைச் சங்கம். வெளிமாநிலத்து மசாலா நிறுவனம் ஒன்று, நாற்பத்து மூன்று விவசாயிகளின் விரலி மஞ்சள் 300 குவிண்டாலை ஒரே பேரமாக எடுத்துக்கொண்டது. எடை போட்டாயிற்று, முன்பணமும் வந்தாயிற்று. அதன்பின் அந்நிறுவனத்தார் மின்னஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பினர். தங்கள் ஆலையில் இடமில்லாமையால் சரக்கைச் சங்கக் கிடங்கிலேயே நாற்பத்தைந்து நாள் வைத்திருக்க வேண்டும் என்றும், கிடங்கு வாடகையையும் அந்நாட்களில் காய்ந்து குறையும் எடையையும் தாங்களே ஏற்பதாகவும் அதில் எழுதியிருந்தனர். காரியதரிசி அதைப் படித்துச் சம்மதம் தெரிவித்தார். அப்போது கோடைகாலம். மூட்டைகளை ஏற்றும்போது மறு எடையில் 7 குவிண்டாலுக்குச் சற்று மிகுதியாகக் குறைவு கண்டது. நிறுவனம் அக்குறைவுக்குரிய ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாயைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பியது. வாடகையும் வரவில்லை.

காரியதரிசி கடிதத்தை நினைவூட்டி எழுதினார். அப்படிப்பட்ட கடிதம் ஏதும் தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. தங்கள் நிறுவன விதிப்படி 90 நாட்களுக்கு மேற்பட்ட அஞ்சல்கள் தாமாகவே அழிக்கப்படும் என்றும், சங்கத்தில் பிரதி இருந்தால் அனுப்பி வைக்கலாம் என்றும் மிக்க மரியாதையோடு எழுதியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் கூறமாட்டேன். அத்தகைய விதிகள் பெரிய நிறுவனங்களில் உண்டு. சங்கத்துப் பெட்டியில் தேடினார்கள். இல்லை. அக்கடிதம் மட்டுமன்று, இரண்டு ஆண்டுக் கடிதங்கள் முழுவதும் இல்லை.

அங்கே எழுத்தராக இருப்பவர் ஓர் இளம் பெண். சுறுசுறுப்பானவர், கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் இரவு வீட்டுக்குப் போகாதவர். விசாரணைக்குச் சென்ற நான் கடிதங்களை அழித்தது யார் என்று கேட்டேன். "நான்தானுங்க சார்" என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அலமாரியைத் திறந்து, முந்திய ஆண்டின் ஆய்வுக் குறிப்பை எடுத்து என் முன் வைத்தார். அதில் பதினோராவது பத்தி: "மின்னஞ்சல் பெட்டி நிரம்பிய நிலையில் உள்ளது. உடனே சுத்தம் செய்து அறிக்கை அனுப்புக." கீழே இருப்பது என் கையொப்பம். "நீங்கதானுங்களே எழுதிட்டுப் போனீங்க" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டுக்கூட இல்லை.

அன்றைய நாள் எனக்கு நினைவிருக்கிறது. கணினித் திரையின் ஓரத்தில் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கை ஒன்று இருந்தது. வேறு பத்துக் குறைகளை எழுதிக்கொண்டிருந்த வேகத்தில் இதையும் ஒரு குறையாக எழுதினேன். எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதைப் போக்க வேண்டும் என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. அவரோ மேலதிகாரியின் ஆணையைச் செவ்வனே நிறைவேற்றினார். பழைய கடிதங்களைத் தேர்ந்தெடுத்தார், நீக்கினார், குப்பைத் தொட்டிக்குச் சென்ற அஞ்சல் அங்கே 30 நாள் கிடக்கும் என்பதை அறிந்து, அப்போதுதானே இடம் காலியாகும் என்று தொட்டியையும் காலி செய்தார். "சுத்தம் செய்யப்பட்டது" என்று எனக்கு அறிக்கையும் அனுப்பினார். நானும் அந்தக் குறையை நிவர்த்தியானதாகக் குறித்துக்கொண்டேன். ஓராண்டு சென்று, பேரம் முடிந்து சில வாரங்களே ஆன சமயத்தில் மீண்டும் அதே எச்சரிக்கை வந்தது. சென்ற முறை செய்ததையே இம்முறையும் செய்தார். அதில் சென்றுவிட்டது அந்த மஞ்சள் கடிதம்.

இதில் மிக வருந்தத்தக்கது யாதெனில், அந்தப் பெட்டியை நிரப்பியவை கடிதங்களே அல்ல. நம் சிறு சங்கங்களில் பல, கட்டணமில்லாத ஜிமெயில் கணக்கையே பயன்படுத்துகின்றன. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் கூகுள் நிறுவனம் அதனை அறிமுகம் செய்தபோது ஒருவருக்கு 1 ஜிகாபைட் இடம் அளித்தது. பிறர் சில மெகாபைட்டுகளே அளித்துவந்த காலத்தில் அது பெருங்கொடையாகத் தோன்றியது. 2013 முதல் 15 ஜிகாபைட் என்றாயிற்று. ஆனால் அந்த 15 ஜிகாபைட் கடிதங்களுக்கு மட்டும் உரியதன்று. அதே கணக்கில் சேமிக்கப்படும் கோப்புகளுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்தே அவ்வளவு. 2021 ஜூன் முதல் நாளிலிருந்து ஏற்றப்படும் படங்கள் யாவும் அதில் கணக்காகின்றன. அலுவலகக் கைப்பேசியில் சங்கத்தின் கணக்கைப் பதிந்து வைத்தால், எடுக்கும் படமெல்லாம் நாம் அறியாமலே அங்கே போய்ச் சேரக்கூடும்.

இணைப்பு ஏதுமில்லாத ஒரு சாதாரணக் கடிதம் 100 கிலோபைட் கொள்ளுமென்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு ஜிகாபைட்டில் பதினாயிரம் கடிதம் அடங்கும். 15 ஜிகாபைட்டில் ஒன்றரை லட்சம் கடிதம் அடங்கும். நாளுக்கு முப்பது கடிதம் வரும் சங்கமானாலும் அதை நிரப்பப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோவோ ஏறத்தாழ 100 மெகாபைட், அதாவது ஆயிரம் கடிதங்களின் இடத்தைத் தனியே எடுத்துக்கொள்ளும். மேற்சொன்ன சங்கத்தில் இரண்டு பேரவைக் கூட்டங்களும், ஒரு கிடங்குத் திறப்பு விழாவும், ஓர் அமைச்சரின் வருகையும் பெட்டியை நிரப்பியிருந்தன. மாலையிடும் காட்சி மட்டும் பதினொரு நிமிடம். அக்காட்சி இன்றும் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே இடம் நிரம்பியது என்ற எச்சரிக்கை வந்தவுடன் செய்யவேண்டிய முதற்காரியம், நிரப்பியது எது என்று பார்த்தல். அதைப் பிரித்துக் காட்டும் பக்கம் கணக்கிலேயே உண்டு. பெரிய இணைப்புகள் உள்ள அஞ்சல்களை மட்டும் தேடி எடுக்கும் வசதியும் உண்டு. எச்சரிக்கையை அசட்டை செய்து விட்டுவிடுவதும் ஆபத்தே. இடம் முற்றும் நிரம்பிவிட்டால் அஞ்சல் அனுப்பவும் இயலாது. வருவதும் திரும்பிப் போகும். விலைகேட்பு எழுதிய வியாபாரிக்கு அவர் கடிதம் சேரவில்லை என்ற தகவல் மட்டும் போய்ச் சேரும். ஐந்தில் நான்கு பங்கு நிரம்பியபோதே காரியதரிசிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

கடிதங்களுக்குக் காலவரம்பு வகுப்பது ஏதோ புதிய கலை என்று நம்மவர் அஞ்ச வேண்டுவதில்லை. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பன்னெடுங்காலமாக நடைபெறுவது இதுவே. ஒரு கோப்பை முடிக்கும்போது அதன் தலையில் முடிவின் வகையைக் குறித்தாக வேண்டும். நிரந்தரமாக வைக்கவேண்டியது நி.மு.; பத்தாண்டு வைக்கவேண்டியது ப.மு.; மூன்றாண்டு மூ.மு.; ஓராண்டு ஓ.மு. ஆங்கிலத்தில் எழுதிய நாளில் இவை ஆர்.டிஸ்., டி.டிஸ்., கே.டிஸ்., எல்.டிஸ். என்று வழங்கின. இம்முறையின் சிறப்பு, கோப்பைப் பற்றி நன்கு அறிந்தவர், அதை அறிந்திருக்கும் வேளையிலேயே அதன் ஆயுளை நிர்ணயிக்கிறார் என்பது. பத்தாண்டு கழித்துப் பதிவறையில் தூசு தட்டுகிறவர் மூளையைக் கசக்க வேண்டுவதில்லை. குறித்த ஆண்டைப் பார்த்து அழிப்புப் பட்டியலில் சேர்த்தால் போதும். பதிவறை நிரம்பிவிட்டது என்பதற்காக நி.மு. கோப்பு ஒன்றை எரித்த எழுத்தரை நான் கேள்விப்பட்டதில்லை. அதே எழுத்தர் கணினி முன் அமர்ந்தால், கற்ற பழக்கம் முழுவதும் மறந்துபோகிறது. திரையில் தெரிவதைக் கோப்பு என்றே நம் மனம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை போலும்.

சட்டம் ஒப்புக்கொண்டு இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், எழுத்தில் இருக்கவேண்டும் என்று ஏற்பட்ட ஒன்று மின்பதிவாக இருப்பினும் செல்லும் என்கிறது. அதன் 7-ஆம் பிரிவு, மின்பதிவைக் காத்துவைப்பது எவ்வாறு என்று கூறுகிறது. பின்னர் எடுத்துப் பார்க்கத்தக்கதாக இருக்கவேண்டும். உண்டான வடிவிலேயோ, அதனைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலேயோ இருக்கவேண்டும். எங்கிருந்து, எங்கே, எந்நாளில், எந்நேரத்தில் சென்றது என்னும் விவரம் உடனிருக்க வேண்டும். "எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்துவிடுகிறோம்" என்று சொல்லும் காரியதரிசிகள் இதைக் கவனிக்க வேண்டும். அச்செடுத்த தாள் படிப்பதற்கு உதவும். ஆயின் கடிதத்தின் போக்குவரவு விவரம் முழுவதும் அதில் ஏறுவதில்லை. வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும். மூலமே அழிந்த பின் எதற்குச் சான்று கொடுப்பது?

காலவரம்பை எண்ணிச் சொல்லவும் சட்டமே சில எல்லைகளைத் தருகிறது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், கணக்குகளையும் பதிவுகளையும் அவ்வாண்டுக்குரிய ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவுப்படி, சங்கத்துக்கு நட்டம் விளைவித்தவர்மீது தண்டத்தீர்வை நடவடிக்கையை, அச்செயல் நடந்த ஏழு ஆண்டுக்குள் தொடங்கலாம். அந்த ஏழு ஆண்டும் கடிதம் இருத்தல், நட்டத்தைக் கேட்கும் சங்கத்துக்கும் பாதுகாப்பு; குற்றமற்ற ஊழியருக்கும் பாதுகாப்பு. ஆதலின் பணமும் சரக்கும் சம்பந்தப்பட்ட கடிதம் ஒவ்வொன்றையும் ப.மு. என்றே கொண்டு பத்தாண்டு வைப்பது தக்கது. நிலம், கட்டடம், துணைவிதித் திருத்தம் பற்றியவை நி.மு. புள்ளிவிவரம் கேட்ட கடிதமும் அனுப்பிய பதிலும் மூன்றாண்டு. கூட்ட அழைப்பு, பயிற்சி அறிவிப்பு போன்றவை ஓராண்டு. விளம்பரங்களை அன்றே நீக்கலாம். அதற்கு எவர் அனுமதியும் வேண்டா.

நெசவாளர் சங்கங்கள் கைத்தறித் துறையின் மேற்பார்வையில் இருப்பவை. என் அதிகாரம் அங்கே செல்லாது. எனினும் அஞ்சற்பெட்டி எல்லோருக்கும் ஒன்றுதான். சேலைக்கோ போர்வைக்கோ சாயத்தின் நிறம் இன்னது என்று மாதிரியைப் படமாக அனுப்பி, "இந்த நிறமே சரி" என்று வாங்குவோர் ஒரு வரி பதில் எழுதுவது இன்று வழக்கம். அந்த ஒரு வரியை நம்பிப் பாவு ஓடுகிறது. தறிகள் இரண்டு மாதம் அதே நிறத்தில் இயங்குகின்றன. நிறம் மாறிவிட்டது என்று சரக்கு திரும்பி வரும் நாளில், நெய்தவரின் கூலிக்கு அந்த வரிதான் பிணை. அதைக் கூட்ட அழைப்போடு சேர்த்து ஓராண்டில் நீக்குவதும், வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு கைப்பேசி பழுதானவுடன் இழப்பதும் ஒன்றே. வாட்ஸ்அப்பில் உத்தரவு கொடுக்கும் வியாபாரியிடம், "மின்னஞ்சலிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்" என்று கேட்க நாம் கூச வேண்டுவதில்லை.

இனி, மறுபக்கத்துக் கட்சி ஒன்று உண்டு. "இவ்வளவு தொல்லை எதற்கு? எதையும் அழிக்கவே வேண்டாம், பணம் கட்டினால் இடம் கிடைக்கிறது, எல்லாம் கிடக்கட்டும்" என்பர் சிலர். என் நண்பரான ஒரு தணிக்கையாளரும் இக்கட்சியே. இதில் பாதி நியாயம் உண்டு. இடம் போதாவிடில் பணம் கொடுத்து வாங்குவது, கடிதத்தை இழப்பதைவிட மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எதையும் அழிக்காமையும் ஒரு குற்றமாகக்கூடும். நம் பெட்டிகளில் கிடப்பவை வியாபாரக் கடிதங்கள் மட்டுமல்ல. கடன் மனுவுக்காக அனுப்பிய ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், நகைக்கடன் ரசீது, மருத்துவச் சான்று, இறந்த உறுப்பினரின் வாரிசுச் சான்று ஆகியவை பல ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. கடவுச்சொல்லைத் திருடும் ஒருவன் ஓர் ஊரின் முழு வரலாற்றையும் அள்ளிச் செல்லலாம். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியிடப்பட்டன. அதன் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பெற்ற நோக்கம் நிறைவேறிய பின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றித் தனிநபர் விவரத்தை அழிக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. ஆதார் நகலைக் கடன் கோப்பில் சேர்த்தபின் அஞ்சலிலுள்ள பிரதியை நீக்குவதே முறை.

அழிப்பதற்கு விதி இருந்தால் மட்டும் போதாது. அழிப்பதை நிறுத்துவதற்கும் விதி வேண்டும். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று சான்று. என்ரான் என்னும் பெருநிறுவனத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்தவர்கள் ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தார். அவர்களிடம் ஆவணங்களை வைப்பது, அழிப்பது பற்றிய விதி எழுத்தில் இருந்தது. 2001 அக்டோபரில் என்ரானின் கணக்கு முறைகேடுகள் பற்றி அரசு விசாரணை வரப்போகிறது என்ற நிலையில், அந்த விதியைப் பின்பற்றுமாறு நினைவூட்டி அலுவலகத்துக்குள் மின்னஞ்சல் சென்றது. தாள்கள் கிழிக்கப்பட்டன, அஞ்சல்கள் நீக்கப்பட்டன. நவம்பரில் ஆவணங்களைக் கேட்டு முறைப்படி ஆணை வந்த பிறகே அது நின்றது. 2002 ஜூனில் நீதிமன்றம் அந்நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. 2005 மே 31-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜூரிகளுக்குச் சட்டத்தை எடுத்துரைத்த முறை தவறு என்று அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. ஆனால் அதற்குள் அந்நாட்டில் 28,000 பேர் வேலை செய்த நிறுவனத்தில் எஞ்சியிருந்தவர் சில நூறு பேரே. விதி எழுத்தில் இருந்தும், அதை நிறுத்தி வைக்கவேண்டிய நேரத்தில் எவரும் நிறுத்தாததன் விளைவு இது. ஆகவே வழக்கு, விசாரணை, தணிக்கைத் தடை, கொடுக்கல் வாங்கலில் வேறுபாடு ஆகிய எதுவும் தலைகாட்டிய அன்றே, அது பற்றிய கடிதங்கள் காலம் கடந்தவையாயினும் தொடக்கூடாது என்று காரியதரிசி எழுத்தில் உத்தரவிட வேண்டும். வாய்ச்சொல் போதாது.

பெட்டி யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. காரியதரிசியின் சொந்தப் பெயரிலும், அவர் மகனின் கைப்பேசி எண்ணிலும் திறக்கப்பட்ட கணக்குகளில் சங்கங்களின் கடிதப் போக்குவரத்து நடைபெறுவதை நான் கண்டிருக்கிறேன். காரியதரிசி ஓய்வு பெறுகிறார். சிறிது காலம் வருத்தத்தில் இருக்கிறார். கடவுச்சொல்லைக் கேட்க ஒருவருக்கும் மனம் வருவதில்லை. இரண்டாண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நிறுவனமே நீக்கத் தொடங்கியிருக்கிறது என்பதை இத்தகைய சங்கங்கள் அறிதல் நலம். கணக்கு சங்கத்தின் பெயரில், பதவியின் பெயரில் இருக்கவேண்டும். கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து இரும்புப் பெட்டியில் வைக்கவேண்டும். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிக்கொத்துக்கு அடுத்த வரியாக அதை எழுத வேண்டும்.

2022 ஜூனில் மத்திய அரசு, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் மதிப்பில் திட்டம் வகுத்தது. கணக்கெழுதும் முறை அதனால் மாறிவருகிறது, நல்லதே. ஆனால் ஒரு சங்கத்தின் கடிதப் பெட்டியைக் காப்பது எந்த மென்பொருளும் தானாகச் செய்து கொடுக்கும் காரியமன்று. கட்டணக் கணக்குகள் சிலவற்றில் காலவரம்பை இயந்திரமே நிறைவேற்றும் ஏற்பாடு இருக்கிறது. அங்கும், பத்தாண்டா மூன்றாண்டா என்று ஒருவர் முதலில் சொல்ல வேண்டும்.

சிறிய சங்கத்துக்கு ஆகும் செலவைச் சொல்லிவிடுகிறேன். நி.மு., ப.மு., மூ.மு., ஓ.மு. என்று நான்கு பெயரில் பெட்டிக்குள் நான்கு பகுப்பு. அஞ்சலுக்குப் பதில் எழுதுபவர் அப்போதே அதற்குரிய பகுப்பில் சேர்க்க வேண்டும். வாரக் கடைசி என்று ஒத்திப்போட்டால் நடவாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழுப் பெட்டியையும் பிரதி எடுக்க வேண்டும். இதற்கு டேக்அவுட் என்ற வசதியைக் கூகுளே தருகிறது. கடிதத்தின் போக்குவரவு விவரமும் அதனுடன் வரும். பிரதியை இரண்டு வன்தட்டுகளில் பதிந்து, ஒன்றை அலுவலகத்திலும் மற்றதை வேறொரு கட்டடத்திலும் வைக்கவேண்டும். இரண்டு தட்டுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆண்டுக்கொரு முறை, காலம் கடந்தவற்றின் பட்டியல் குழுவின் முன் வைக்கப்பட்டு, தீர்மானத்தின்பேரில் அழிக்கப்பட வேண்டும். அழித்த நாளும், அழித்தவர் பெயரும் அழிப்புப் பதிவேட்டில் ஏறவேண்டும். காலம் கடந்தவை வன்தட்டிலும் அவ்வாறே போகவேண்டும். பெட்டியில் நீக்கித் தட்டில் விட்டுவைப்பது அழித்ததாகாது.

மஞ்சள் சங்கத்து விசாரணை அறிக்கையில், எழுத்தரின் கவனக்குறைவால் நட்டம் ஏற்பட்டது என்று எழுதுவதே எனக்கு எளிது. முதற்படியில் அவ்வாறே எழுதியும் விட்டேன். இரண்டு நாள் அது மேசைமேல் கிடந்தது. பின்னர் அதைக் கிழித்துவிட்டு, எதை வைப்பது எதை அழிப்பது என்று சங்கத்தில் தீர்மானம் ஏதும் இல்லை என்பதையும், பெட்டியைச் சுத்தம் செய்யுமாறு எழுதியவன் நானே என்பதையும், அக்குறிப்பின் நாளையும் பத்தி எண்ணையும் சேர்த்து எழுதி அனுப்பினேன். ஆய்வாளர் தம்மையே அறிக்கையில் எழுதிக்கொள்வது வழக்கமில்லை என்று மேலிடத்தில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். எழுத்தர்மீது நடவடிக்கை வேண்டாமென முடிவாயிற்று. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது; அது நியாயமே.

ஆனால் விவசாயிகளின் பணம் வரவில்லை. நாற்பத்து மூன்று பேரும் தம் பங்குக்கு ஏறத்தாழ 2,300 ரூபாய் வீதம் இழந்து நிற்கின்றனர். அவர்களில் நால்வர் குத்தகைக்குப் பயிரிட்டவர்கள். அந்தப் பேரத்தில் அவர்களுக்கு லாபம் என்று இருந்ததே அவ்வளவுதான். அத்தொகை சங்கத்தின் ஐந்தொகையில் வரவேண்டிய இனமாக இன்றும் நிற்கிறது. நிறுவனத்துக்கு மூன்று நினைவூட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவற்றின் பிரதிகள் ப.மு. பகுப்பில் இருப்பதைச் சென்ற வாரம் அந்த எழுத்தர் எனக்குத் திறந்து காட்டினார்.